கல்லறை இல்லாத தளபதி

சேலத்திலிருந்து ஈரோடு போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். சுமார் 40 கிலோமீட்டர் தாண்டியதும், தட்டையான பூமிக்கு நடுவே ஒரு மலை எழுந்து நிற்கும். அதன் மேல் அடுக்கடுக்காக மதில் சுவர்கள். சங்ககிரி! லாரிகளுக்குப் பேர்போன ஊர். பட்டறைச் சத்தமும் டயர் கடைகளும்தான் முதலில் கவனத்துக்கு வரும். மலையை அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு.

அந்த மலைக்கோட்டையில்தான் 1805-ம் ஆண்டு ஜூலை 31-ம் தேதி ஒரு படைத்தலைவரைத் தூக்கில் போட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. அவரோடு அவருடைய தம்பிகளையும், உடனிருந்த கருப்ப சேர்வையையும். யார் என்று தெரிந்திருக்குமே... தீரன் சின்னமலை.

சரி, ஒரு சின்ன கேள்வி. அவருடைய கல்லறை எங்கே?

ரொம்ப யோசிக்க வேண்டாம். கிடையாது! உடலை எங்கே புதைத்தார்கள் என்று காட்ட ஒரு மேடு இல்லை. எரித்தார்கள் என்றால் சாம்பல் கரைத்த துறை என்று ஒன்று இல்லை. தூக்கில் போட்டவர்கள் ஒரு கல்லைக்கூட நட்டுவிட்டுப் போகவில்லை. 'எதிரிக்கு எவன்யா கல் நடுவான்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால், போரில் செத்தவனுக்குக் கல் நடுவது என்பது இந்த சேலம், நாமக்கல், தருமபுரி மண்ணுக்கு இரண்டாயிரம் வருஷத்துக் குலவழக்கம். அப்படிப்பட்ட ஊரில், இவ்வளவு பெரிய தலைவனுக்கு மட்டும் கல் இல்லாமல் போனது எப்படி? அதனால் நமக்கு என்ன நஷ்டம்?

இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் தூரம் போய்விட்டு வரவேண்டும். ரோமாபுரி சாம்ராஜ்யம் வரைக்கும்!

*

ஜெர்மனியில் பான் நகர அருங்காட்சியகத்தில் ஒரு சுண்ணாம்புக் கல் இருக்கிறது. ஓர் ஆள் நெஞ்சு உயரம். அதில் மார்பளவுக்கு ஒரு மனிதர் முறைத்துக்கொண்டு நிற்கிறார். தலையில் ஓக் இலை மாலை. சக வீரனின் உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு ரோமானியர்கள் கொடுத்த விருது அது. நெஞ்சு முழுக்க வட்ட வட்டமாகப் பதக்கங்கள். கையில் திராட்சைக் கொடித் தடி. நம்மூர் போலீஸ் அதிகாரியின் பிரம்பு மாதிரி அது ஒரு பதவிச் சின்னம்.

பெயர் மார்க்கஸ் கேலியஸ். ஊர், இத்தாலியில் இன்றைக்கு போலோன்யா என்று சொல்கிறார்களே, அது. ரோமானிய ராணுவத்தின் 18-வது லெஜியனில் செஞ்சுரியன். அதாவது, 80 பேர் கொண்ட ஒரு பிரிவை நடத்துகிற தளபதி. சாகும்போது வயது ஐம்பத்து மூன்றரை. அந்த அரை வயதைக்கூட விடாமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்!

எப்படிச் செத்தார்? 'வாரஸ் நடத்திய போரில் வீழ்ந்தார்' என்கிறது கல். கி.பி. 9-ம் ஆண்டு. வாரஸ் என்கிற ரோமானிய ஆளுநர் மூன்று லெஜியன்களைக் கூட்டிக்கொண்டு ஜெர்மானியக் காட்டுக்குள் போனார். ரோமிலேயே பயிற்சி பெற்ற ஆர்மினியஸ் என்கிற ஜெர்மானியத் தலைவன் 'நான் வழி காட்டுகிறேன்' என்று சொல்லி, நேராகப் பொறிக்குள் கொண்டுபோய் விட்டான். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் சதுப்பு நிலம், மேலே மழை. 15,000 முதல் 20,000 பேர் வரை செத்திருக்கலாம் என்கிறார்கள். வாரஸ் தன் வாளாலேயே உயிரை விட்டார். அழிந்துபோன 17, 18, 19 என்கிற அந்த மூன்று லெஜியன் எண்களை ரோம் அதற்குப் பிறகு எந்தப் படைக்கும் வைக்கவே இல்லை. அத்தனை அவமானம்.

இப்போது கல்லுக்கு வருவோம். கேலியஸின் உடல் கிடைக்கவில்லை. காட்டுக்குள் எங்கோ கிடந்து மக்கிப் போனது. ஆனாலும் அவருடைய தம்பியோ அண்ணனோ, பூப்ளியஸ் கேலியஸ் என்கிற சகோதரர், ரைன் நதிக்கரையில் ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் இந்தக் கல்லை நிறுத்தினார். 'எலும்புகளை இங்கே கொண்டுவந்து வைக்கலாம்' என்று ஒரு வரியையும் சேர்த்து வெட்டச் சொன்னார். எலும்பு என்றைக்காவது வரும் என்று இடம் ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்த கல் அது.

அதே கல்லில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கேலியஸுக்கு இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை. யார் அவர்கள்? பிரிவாட்டஸ், தியாமினஸ். ஒரு காலத்தில் கேலியஸின் அடிமைகளாக இருந்து, அவரால் விடுதலை செய்யப்பட்டவர்கள். எஜமானோடு சேர்ந்து அவர்களுடைய முகமும் பெயரும் இரண்டாயிரம் வருஷம் தாண்டிவிட்டன. இந்த இரண்டு பேரையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படுவார்கள்.

போர் முடிந்து ஆறு வருஷம் கழித்து, கி.பி. 15-ல் ஜெர்மானிக்கஸ் என்கிற ரோமானியத் தளபதி படையோடு அதே காட்டுக்குப் போனார். வெள்ளை வெளேரென்று எலும்புகள் சிதறிக் கிடந்தன. எது நம் ஆள், எது எதிரி என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கூட்டிக் குவித்து மண் மேடு போட்டார்கள். முதல் மண்ணை ஜெர்மானிக்கஸே தன் கையால் போட்டார். ரோமானிய வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். ரோமானியப் படை திரும்பிப் போனதும் ஜெர்மானியர்கள் வந்து அந்த மேட்டை இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்பதையும் அவரே எழுதுகிறார்.

ஆக, ரைன் கரையில் ரோமானிய முகாமுக்குப் பக்கத்தில் வைத்த கல் நின்றது. எதிரி மண்ணில் போட்ட மேடு அடுத்த வருஷத்தைத் தாண்டவில்லை. கல் நிற்பதற்குச் சுற்றிலும் நம் ஆட்கள் இருக்க வேண்டும். அத்தோடு கையில் காசும் இருக்க வேண்டும். அந்தக் காட்டில் செத்த சாதாரண சிப்பாய்கள் பெயர் கல்லில் ஏறவில்லை. ஏறியது, வசதியுள்ள சகோதரன் வாய்த்த ஒரு செஞ்சுரியனின் பெயர்.

*

இந்தப் போர் நடந்தபோது ரோமை ஆண்டவர் அகஸ்டஸ். அவர் தலை பொறித்த வெள்ளிக் காசுகள் நம் கொங்கு நாட்டில் குடம் குடமாகக் கிடைத்திருக்கின்றன. கோயமுத்தூருக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842-ல் கிடைத்த புதையல் ரொம்பப் பிரசித்தம். மிளகும், கல்மணியும், துணியும் வாங்க வந்த காசு. ரோமில் கேலியஸுக்குச் சம்பளம் கொடுத்த அதே சாம்ராஜ்யத்தின் பணம் இங்கே நம் சந்தைகளில் புழங்கிக்கொண்டு இருந்தது.

அந்தக் காலத்தில் இங்கே போரில் செத்தவனுக்கு என்ன செய்தார்கள்?

அதற்கும் ஆயிரம் வருஷம் முன்னாலிருந்தே ஆரம்பிக்கலாம். சேலம் மாவட்டத்தில் மேட்டூர் அணைத் தண்ணீர் வற்றுகிற காலத்தில், தெலுங்கனூர், மாங்காடு பக்கத்தில் பழங்கால ஈமக்குழிகள் வெளியே தெரியும். கல்லைச் சுற்றி அடுக்கிய குழிகள். அவற்றில் கிடைத்த இரும்பு வாள்களை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மூவாயிரம் வருஷத்துக்கும் மேற்பட்டவை என்று முடிவு வந்தது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில் இந்த ஊர்களின் பெயரும் இருக்கிறது. செத்தவனோடு வாளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றால் அவன் சாமானியன் இல்லை. ஆனால் பெயர்? அப்போது எழுத்து இல்லை. வாள் இருக்கிறது, வயசு இருக்கிறது. ஆள் யார் என்பதற்கு ஒரு எழுத்துகூட இல்லை.

அடுத்து, சங்க காலம். சேலத்துக்கு வடக்கே தகடூர். இன்றைய தருமபுரி. 1965 வரைக்கும் சேலம் மாவட்டத்துக்குள்தான் அது இருந்தது. அந்தத் தகடூரை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான். சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்றான். அதியமானும் போய்ச் சேர்ந்தான்.

அவனுக்கு நட்ட கல்லைப் பற்றி ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. கல்லுக்கு மயில்தோகை சூட்டுகிறார்கள். சின்னக் கலயத்தில் கள் ஊற்றிப் படைக்கிறார்கள். 'நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தத் துளிக் கள்ளையா வாங்கிக்கொள்வான்?' என்கிற தோரணையில் ஔவை பொருமுகிறார். பெரிய மண்டபம் இல்லை, பதக்கம் இல்லை. ஒரு கல், ஒரு தோகை, ஒரு கலயம். ஒரு குறுநில மன்னனுக்கே அவ்வளவுதான்!

அதியமான் வம்சம் அத்தோடு முடிந்துவிடவில்லை என்பது வேறு கதை. பல நூற்றாண்டு கழித்து, நாமக்கல் மலையைக் குடைந்து பெருமாளுக்குக் கோயில் எடுத்தவர்கள் அதியர் குல மன்னர்கள்தான். மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கிற அரங்கநாதர் குகைக்கோயிலுக்குப் பழைய பெயரே 'அதியேந்திர விஷ்ணு கிருஹம்'!

*

நம்மூர்க் கல்லுக்கும் ரோமானியக் கல்லுக்கும் இருக்கிற முக்கியமான வித்தியாசம் இனிமேல்தான் வருகிறது.

செத்தவனுக்குக் கல் நடுவது எப்படி என்று தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது. நல்ல கல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது. இதில் எங்கேயும் 'மன்னனுக்கு மட்டும்' என்று ஒரு நிபந்தனை இல்லை. 'செலவு செய்ய அண்ணன் இருந்தால்' என்றும் இல்லை.

சேலம் மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையைத் தாண்டினால் செங்கம் வட்டாரம். அங்கே வரிசையாக நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகமே போட்டது. பெரும்பாலான கற்களில் ஒரு ஒழுங்கு இருக்கும். இன்ன மன்னனின் இத்தனையாவது ஆட்சி ஆண்டில், இன்ன ஊர் மாட்டைக் கவர்ந்தபோது, அல்லது மீட்டபோது, இன்னாருடைய சேவகன் இன்னான் பட்டான். அவன் கல் இது. அவ்வளவுதான். சுருக்கமாக, ஒரு போலீஸ் எஃப்.ஐ.ஆர். மாதிரி!

கவனியுங்கள்... 'சேவகன்'! செத்தவர்களில் தலைவர்கள் உண்டு. ஆனால் ரொம்பப் பேர் அந்தத் தலைவர்களிடம் வேலை பார்த்தவர்கள். மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்களைத் துரத்திப்போய் அம்பு பட்டு விழுந்தவர்கள். ஊருக்குள் புகுந்த புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவர்களுக்கும் கல் உண்டு. சேலம், தருமபுரி, கொங்குப் பக்கமெல்லாம் 'புலிகுத்திக் கல்' என்று சொல்கிறார்களே, அது அதுதான். ஒரு கையால் புலியின் வாயை அடக்கி, மறு கையால் ஈட்டியைச் செருகுகிற ஆள்.

மனிதர்களோடு நின்றதா? இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சி ஆண்டில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். கருந்தேவக்கத்தி என்கிற வீரன், மாட்டு மந்தையைக் காப்பாற்றப்போய்ச் செத்தான். கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துத் தடுத்து நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே கல் இருக்கிறது!

அதாவது, நம் மண்ணில் கல் கிடைக்க ஒரே ஒரு தகுதிதான். அடுத்தவர்களுக்காக நின்று விழுந்திருக்க வேண்டும். பதவியை யாரும் கேட்கவில்லை. நாயா, மனிதனா என்றுகூடக் கேட்கவில்லை. நட்டது அரண்மனை இல்லை, ஊர்.

*

இப்போது மறுபடி சங்ககிரிக்கு.

1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த ஒப்பந்தத்தில் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. ஆளவந்தவர் அலெக்சாண்டர் ரீட். பிற்பாடு சென்னை மாகாண கவர்னர் ஆன தாமஸ் மன்றோ, அப்போது அவருக்குக் கீழே உதவியாளர். காவிரிக்கு மேற்கே கோயமுத்தூர்ச் சீமை இன்னும் திப்புவிடமே இருந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு செத்தபிறகுதான் அதுவும் போனது.

சின்னமலை அந்தப் பக்கத்துக்காரர். காங்கேயத்துக்குப் பக்கத்தில் மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்தவர். இயற்பெயர் தீர்த்தகிரி. மைசூர் அரசுக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்துப் பிடுங்கி, 'சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருக்கிற சின்னமலை பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்' என்று அனுப்பியதால் அந்தப் பெயர் வந்தது என்பது கொங்கு நாட்டுக் கதை. மைசூரிடம் வரி பறித்தவரே பிற்பாடு கம்பெனிக்கு எதிராகத் திப்புவின் பக்கம் நின்றார். திப்பு போனபிறகு ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு தனியாகவே மோதினார். 1801-ல் காவிரிக்கரை, 1802-ல் ஓடாநிலை, 1804-ல் அறச்சலூர் என்று மூன்று மோதல்களில் ஜெயித்ததாகச் சொல்வார்கள். கடைசியில் சமையல்காரர் நல்லப்பன் காட்டிக்கொடுத்தார் என்றும் சொல்வார்கள்.

காவிரிக்கு அந்தப் பக்கம் அவருடைய மண், அவருடைய ஜனம். இந்தப் பக்கம் கம்பெனியின் கோட்டை. ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்து சங்ககிரியில் முடித்தார்கள்.

கம்பெனிக்காரர்கள் கல் நடத் தெரியாதவர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஒரு ஆங்கிலேயப் படையைச் சின்னாபின்னம் ஆக்கினார்கள். அந்தப் படையின் தளபதி கர்னல் வில்லியம் பெய்லி. சிறைப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1782-ல் செத்தார். தோற்ற தளபதி, எதிரியின் சிறையில் மரணம். அவருக்கு 1816-ல் அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அழகான ஒரு நினைவு மண்டபம் எழும்பியது. கட்டியவர் அவருடைய உறவுக்காரர், லக்னோவில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் பெய்லி. ஆக, அங்கே ரைன் கரையில் நடந்த அதே கதை. செத்தவனுக்கு வசதியான ஒரு சொந்தக்காரன், சுற்றிலும் சொந்தப் படை.

எதிரி என்பதற்காக மரியாதை மறுக்கப்பட்டது என்றும் சொல்ல முடியாது. திப்பு சுல்தானின் உடலை ராணுவ மரியாதையோடு எடுத்துப்போய், அவருடைய அப்பா ஹைதருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்ய விட்டார்கள். கும்பஸ் என்கிற அந்தச் சமாதியை இன்றைக்கும் பார்க்கலாம்.

பிறகு சின்னமலைக்கு மட்டும் ஏன் இல்லை?

திப்பு 'அரசர்'. பெய்லி 'தளபதி'. சின்னமலை அவர்கள் பார்வையில் இரண்டும் இல்லை. 'கலகக்காரன்'! போர்க்களத்தில் விழுந்தவனுக்குத்தான் ராணுவ மரியாதை. தூக்கு மேடையில் தொங்கியவனுக்குக் கிடையாது. ஒருத்தரைத் தூக்கில் போடும்போதே 'இவன் படைத்தலைவன் இல்லை, குற்றவாளி' என்று ஒரு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. குற்றவாளிக்குக் கல் எதற்கு?

இதே வைத்தியத்தை 1799-லேயே தெற்கே பார்த்துவிட்டார்கள். அக்டோபர் 16-ம் தேதி கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். அங்கேயும் கல் இல்லை. ஆனால், ஜனங்கள் ஒரு வேலை செய்தார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்து அந்த இடத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை, ரோட்டில் கிடந்த கல்தானே! ஒரு கல், பத்துக் கல், நூறு கல்... நாளடைவில் பெரிய குவியல். ஜெர்மானியக் காட்டில் ஜெர்மானிக்கஸ் போட்ட மேட்டை எதிரி இடித்துவிட்டான். இது வருஷக்கணக்கில் வளர்ந்துகொண்டே போனது. சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் அவருடைய ஆட்கள் ஆயிற்றே! பிற்காலத்தில், கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் அந்த ஊரில் நிலம் வாங்கிச் சிலை வைத்தார்.

*

சங்ககிரியில் ஜனங்கள் கையில் எடுத்துக்கொண்டது கல் அல்ல, நாள். தூக்கில் போட்ட அன்றைக்கு ஆடிப்பெருக்கு என்று கொங்கு நாடு ஞாபகம் வைத்துக்கொண்டது. ஆடி 18-ஐ யார் தடுக்க முடியும்? காவிரியில் தண்ணீர் வருகிற வரைக்கும் அந்த நாள் வரும். தேதியை மறந்தாலும் பண்டிகையை மறக்க முடியாது. கல் நடாமலேயே ஆளை ஞாபகத்தில் நட்டுவிட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாம் வந்தன. சென்னை கிண்டியில் சிலை வந்தது. ஓடாநிலையில் மணிமண்டபம் வந்தது. சங்ககிரியில் நினைவுச் சின்னம் வந்தது. தூக்கில் போட்ட 200-வது ஆண்டு நிறைவில், 2005 ஜூலை 31 அன்று தபால்தலை வெளியானது. ஒவ்வொரு ஆடி 18-க்கும் கட்சி வித்தியாசம் இல்லாமல் மாலையோடு வருகிறார்கள். நல்லதுதான்.

ஆனால் நஷ்டக் கணக்கு என்று ஆரம்பத்தில் சொன்னேனே... அது என்ன?

மேலே சின்னமலையின் கதையை எழுதும்போது 'சொல்வார்கள்', 'என்பது கதை' என்று எத்தனை தடவை வந்தது பாருங்கள். எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும். 1,400 வருஷத்துக்கு முன்னால் செத்த ஒரு நாயின் பெயர் நமக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். எந்த ராஜா ஆட்சி, எத்தனையாவது வருஷம், எதற்காக நின்றது என்பது வரைக்கும் தெரியும். 1805-ல் செத்த படைத்தலைவனின் போர்களைப் பற்றி நாம் வாய்வழிக் கதையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. காரணம் ஒன்றுதான். நாய்க்குக் கல் இருக்கிறது. தளபதிக்கு இல்லை.

கல் என்பது மரியாதை மட்டும் இல்லை சார், அது ரசீது! இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்னாருக்காக, இன்னார் செத்தார் என்று ஊரே கையெழுத்துப் போட்ட ரசீது. ரசீதைக் கிழித்துவிட்டால் பிறகு ஆளுக்கு ஒரு கணக்கு சொல்லலாம். வெற்றிகளைக் கூட்டலாம், கூட இருந்தவர்களைக் கழிக்கலாம்.

கூட இருந்தவர்கள் என்றதும் ஞாபகம் வருகிறதா? கேலியஸ் கல்லில் இரண்டு பக்கமும் நின்ற பிரிவாட்டஸும் தியாமினஸும்! சின்னமலைக்கும் அப்படி ஆட்கள் இருந்தார்கள். கூடவே தூக்கில் தொங்கிய கருப்ப சேர்வை. ஒற்றராக இருந்து, கம்பெனிப் படையின் நடமாட்டத்தைச் செருப்புக்குள் மறைத்த ஓலையில் எழுதி அனுப்பியதாகச் சொல்லப்படும் பொல்லான். அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர். சின்னமலைக்குச் சிலை வந்து பல வருஷம் கழித்துத்தான், நீண்ட கோரிக்கைக்குப் பிறகு, பொல்லானுக்கும் ஈரோடு மாவட்டத்தில் மண்டபம் எழுப்ப அரசு முன்வந்தது. 1805-லேயே சங்ககிரி அடிவாரத்தில் ஊர்க்காரர்கள் ஒரு நடுகல் நட முடிந்திருந்தால், செங்கத்து வழக்கப்படி தலைவன் பெயரும் இருந்திருக்கும், சேவகர்கள் பெயரும் இருந்திருக்கும். யாரும் யாருக்கும் பின்னால் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டியிருக்காது.

அதைக் கம்பெனி செய்யவிடவில்லை. போகட்டும், அவன் அந்நியன். இருக்கிற கற்களை நாம் என்ன செய்கிறோம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் பல நடுகற்கள் 'வேடியப்பன்' என்கிற பெயரில் சாமியாகி, பொங்கலும் பூஜையுமாகப் பிழைத்துக்கொண்டன. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இல்லாதவை வாய்க்கால் ஓரத்தில் துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கின்றன. ரோடு அகலப்படுத்தும்போது ஜல்லியோடு ஜல்லியாகப் போகின்றன. பக்தி மிகுந்துபோய் எனாமல் பெயின்ட் அடித்து, எழுத்தெல்லாம் அடைபட்டு நிற்பவையும் உண்டு.

உங்களுக்குச் சொந்த ஊர் சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர், ஓமலூர் பக்கமா? பொங்கலுக்கோ கிடா வெட்டுக்கோ ஊருக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஏரிக்கரையிலோ, காட்டு ஓரத்திலோ, கத்தியோ வில்லோ பிடித்த ஆள் உருவத்தோடு ஒரு பலகைக் கல் நின்றால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சுரண்ட வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம், பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். நாலு பக்கமும் போட்டோ எடுத்து, மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ தாசில்தார் அலுவலகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அந்தக் கல்லைப் பற்றி என்ன கதை சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள்.

உருவத்துக்கு மேலேயோ பக்கத்திலேயோ தேய்ந்துபோன வட்டெழுத்தில் ஒரு பெயர் இருக்கலாம். அதை யாராவது கடைசியாக வாசித்து ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும்.